காதைத் திறந்த மருந்து

அடுக்களைக்குள் காலை வைத்தவுடனேயே மூக்கிக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கும் குப்பை வாளி கீழே போகவில்லை. நேற்றைய மீன் செதிலும் முட்டை ஓடும், முந்தாநாள் அழுகிய பழத்தோலும் ஒன்றோடொன்று குழைந்து, மூடியை மீறிக்கொண்டு ஒரு நாற்றம் எழுந்து வந்து அவளை வாசற்படியிலேயே நிறுத்தியது. வாளிக்கு அடியில் ஏதோ கசிந்து தரையில் பழுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. அந்தக் கோட்டின் நுனியில் பொடி ஈக்கள் குந்தியிருந்தன. குமட்டிக்கொண்டு வந்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே பின்வாங்கினாள்.

மூக்கி என்பது புருஷன் வைத்த பட்டப்பெயர். அவளுடைய மூக்கு ஒன்றும் பெரிது இல்லை. ஆனால் அது சுருங்குகிற அழகு இருக்கிறதே, வாய் பேச வேண்டியதையெல்லாம் அதுவே பேசி முடித்துவிடும். கல்யாணமான புதிதில், வாய் கொப்பளித்துத் துப்பிய யாரோ தண்ணீர் ஊற்றாமல் போன தொட்டியைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தவள் அவள். அந்த ‘யாரோ’ தன் பிள்ளைதான் என்பது மாமனாருக்குத் தெரியும். மறுநாளிலிருந்து தொட்டி கழுவுவது, சாக்கடைக் குழாயில் சிக்கிய முடியை எடுப்பது, குப்பை வாளியைக் கீழே கொண்டுபோவது எல்லாவற்றையும் அவர் யாரும் சொல்லாமலே தம் பொறுப்பாக்கிக்கொண்டார். மாமியார் காலமான வீடு. புருஷன் லிப்ட் பழுது பார்க்கிற வேலையில் ஊர் ஊராகச் சுற்றுகிறவன். மிச்சம் இருந்தது மாமனாரும் மருமகளும்தான். இருவருக்கும் நடுவே சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை, அழுக்கெல்லாம் அவர் கையில் இருந்தவரைக்கும்.

குப்பை வண்டி ஞாயிறு தவிரத் தினமும் காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். ‘ஈரக் குப்பை தனியா, காய்ஞ்ச குப்பை தனியா, கொண்டு வாங்க, கொண்டு வாங்க, வாசலுக்கு இனிதா.’ குப்பையில் என்ன இனிதோ, எழுதினவனுக்குத்தான் வெளிச்சம். தெருமுனையில் அந்த ‘ஈர’ கேட்டதும் மாமா வாளியோடு மாடியிறங்கிவிடுவார். ‘இனிதா’ முடிவதற்குள் வாளி காலி. பெரிய பட்டறையில் வாழ்நாள் முழுக்கக் கடைசல் இயந்திரம் ஓட்டியவர். எதையும் நூல் பிசகாமல் செய்தே பழக்கம்.

அப்படிப்பட்ட மனிதர் சமீபமாக வண்டியைக் கோட்டை விட்டுக்கொண்டே இருந்தார். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. பட்டறை இரைச்சலில் இடது காது என்றைக்கோ செத்துவிட்டது. இப்போது வலது காதும் மங்கத் தொடங்கியிருந்தது. வீட்டில் அதைத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மருமகளிடம் சொல்ல வெட்கம். உடைந்த பொருளை எல்லாரும் பார்க்க மேஜைமேல் வைக்கிற மாதிரி ஒரு வெட்கம்.

“அசந்துட்டேம்மா,” என்றார் அன்றைக்கும், அடுக்களை வாசலில் வந்து நின்று.

அவள் பதில் சொல்லவில்லை. மூக்கு சொன்னது. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு, தரையில் ஓடிய கோட்டைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டு, நாலு தெரு தள்ளியிருந்த குப்பைத் தொட்டிக்கு நடந்தார்.

அலுவலகத்தில் மூக்கிக்கு வேலை ஜெர்மன் மொழியிலிருந்து இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பது. கொதிகலனின் வால்வை எந்தப் பக்கம் திருகினால் வெடிக்காது என்பது போன்ற சங்கதிகள். அன்று காலை முழுக்க வால்வுக்கு நடுவில் ‘ஈரக் குப்பை தனியா’ ஓடியது. விரட்டினால் போய்விட்டு, அடுத்த பத்தியில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. கூடவே வாளி நாற்றமும் வந்தது. பாட்டு எங்கே முடிகிறது, நாற்றம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. அவள் தண்ணீர் குடித்தாள். தண்ணீரும் நாறியது.

எரிச்சல் தாங்காமல் பேனாவை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளில் அயல்மொழிச் சொற்கள் பிறந்த கதையை அவள் எழுதிவந்தாள். அந்த வாரத்துக்கு வார்த்தை கிடைத்துவிட்டது. மண்டைக்குள் புகுந்து போகமாட்டேன் என்கிற பாட்டுக்கு ஜெர்மன்காரர்கள் ‘ஓர்வுர்ம்’ என்பார்கள். ‘ஓர்’ என்றால் காது, ‘வுர்ம்’ என்றால் புழு. இரண்டையும் ஒட்டவைத்தால் காதுப்புழு.

ஆனால் பாட்டுக்கு அந்தப் பெயர் வந்தது போன நூற்றாண்டில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே அது ஒரு பூச்சியின் பெயர். ஈரத்தில், கல்லுக்கு அடியில் ஒளிந்து வாழ்கிற, வால் பக்கம் இடுக்கி வைத்த பழுப்புப் பூச்சி. தூங்குகிறவன் காதுக்குள் அது புகுந்துவிடும் என்று ஊர் உலகமெல்லாம் பயந்தது. அப்படி ஒன்றும் அது புகுவதில்லை. மனிதன்தான் அதைக் காதுக்குள் போட்டான். அந்தப் பக்கத்துப் பழைய வைத்தியர்கள் இந்தப் பூச்சியைக் காயவைத்து, இடித்துப் பொடியாக்கி, காது வலிக்கும் செவிட்டுக்கும் மருந்தாகக் கொடுத்தார்கள் என்றும், பெயர் அதனால்தான் வந்தது என்றும் சொல்வார்கள். மருந்து மறந்துபோய்ப் பயம் மட்டும் மிஞ்சியது. பூச்சி மறந்துபோய்ப் பாட்டு மட்டும் மிஞ்சியது.

எழுதும்போதே அவளுக்கு உடம்பு கூசியது. கூச்சத்தோடு எழுதியதாலோ என்னவோ நன்றாகவே வந்தது. கடைசி வரி மட்டும் உறுத்தியது. ‘அந்தப் பொடியால் யாருக்கும் காது கேட்டதில்லை, பலருக்குச் சீழ் பிடித்ததுதான் மிச்சம்’ என்று எழுதியிருந்தாள். சீழ். அந்தச் சொல்லைப் பார்க்கப் பார்க்கத் தொண்டையில் ஏதோ ஏறியது. ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் காப்பியோடு படிக்கிறவர்கள் முகத்தில் இதையா எறிவது? அடித்துவிட்டாள். அதற்குப் பதில், ‘ஒரு காலத்தில் காதைத் திறந்த மருந்து, இன்று காதை அடைக்கும் பாட்டு’ என்று முடித்தாள். படித்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போயிற்று. பொய்தான். ஆனால் நாறவில்லை.

ஞாயிறன்று மாமா அதைப் பூதக்கண்ணாடி வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். மருமகள் எழுதியதை எல்லாம் வெட்டி ஒரு அட்டையில் ஒட்டிவைப்பது அவர் வழக்கம். மேல்மாடிக்காரர், பேப்பர் போடுகிறவர், முடிவெட்டுகிறவர் என்று ஒருத்தர் விடாமல் காட்டிவிட்டுத்தான் ஓய்வார்.

“அந்த ஓர்வர்மா நம்ம பக்கத்துல உண்டாம்மா?” என்றார் சாப்பாட்டு மேஜையில். ஏதோ குறுநில மன்னன் பெயரைச் சொல்கிற மாதிரி இருந்தது.

“பூச்சியா? குளியலறைத் தொட்டிக்கு அடியில நெளியுதே, அதே ஜாதிதான் மாமா. சாப்பிடற நேரத்துல அந்தப் பேச்சு வேண்டாமே.”

அவர் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுரையின் பெருமையில் பார்க்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள். ஒரு சங்கதி பிடிக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், அது இல்லாமல் போய்விடும் என்பது அவளுடைய பிறவிப் பழக்கம்.

அதற்கப்புறம் குளியலறை பளிச்சென்று ஆயிற்று. தொட்டிக்கு அடியில் ஒரு பூச்சி இல்லை. மாமா அக்கறையாகச் சுத்தம் செய்கிறார் என்று அவளுக்குச் சந்தோஷம். மொட்டைமாடியில் பழைய பேப்பர்மேல் எதையோ காயப்போட்டு, காக்கை வராமல் காவலும் இருந்தார். “என்ன மாமா அது?” என்று கேட்டாள். அவர் திரும்பவில்லை. சரி, ஏதோ விதையாக்கும் என்று இறங்கிவிட்டாள். காதும் காதும் வைத்தாற்போல ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது அவள் தலைக்கு மேலேயே.

விடுமுறை நாள் ஒன்றின் காலை. மூக்கி மிக்சியின் சின்ன ஜாரில் காப்பிக் கொட்டை அரைத்து, வடிகட்டி, பாதி டம்ளர் குடித்துவிட்டு ஜாரைக் கழுவப் போனாள். தகட்டுக்கு அடியில், விரல் நுழையாத இடுக்கில், ஏதோ ஒட்டியிருந்தது. ஈர்க்குச்சியால் நெம்பினாள். தண்ணீரில் மிதந்து வந்தது. பழுப்பாக, வளைந்து, ஒரு குட்டி இடுக்கி. பின்னாலேயே ஒரு கால். அதற்குப் பின்னால் இன்னும் கால்கள்.

அவள் கத்தவில்லை. கத்துவதற்கு வாய் காலியாக இல்லை. குடித்தது, நேற்றுத் தின்றது, அதற்கு முந்தின வேளை தின்றது எல்லாம் தொட்டியில் விழுந்தது. குடலே வெளியில் வந்துவிடும்போல இருந்தது. நாக்கைத் துணியால் வழித்தாள். பல் தேய்த்தாள். பல் தேய்த்த பிரஷைத் தூக்கி எறிந்தாள். பிறகு ஜாரைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று மாமாவின் அறைக்குப் போனாள்.

“என்ன மாமா இது? சாப்பிடற பாத்திரத்துல அரைக்கற சாமானா இது? சொல்லுங்க.”

அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தார். அசையவில்லை.

“உங்களைத்தான் கேக்கறேன் மாமா.”

அசையவில்லை. அவருக்கு முன்னால் ஜன்னல் விளிம்பில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி இருந்தது. எண்ணெயில் குழைந்த பழுப்புப் பொடி. மாவு போல அத்தனை நைசான பொடி, கடைசல்காரரின் கைவேலை. கட்டிலில் தலையணை உறை வலது பக்கம் மஞ்சளும் பழுப்புமாகக் கறைபட்டுக் காய்ந்து மொடமொடத்திருந்தது. அறையில் ஒரு வாடை. குப்பை வாளி வாடையைவிடக் கெட்டது, ஏனென்றால் இது உயிருள்ள உடம்பிலிருந்து வந்தது. அவருடைய வலது காதில் பஞ்சு. பஞ்சின் ஓரத்தில் சொட்டி நின்றது எது என்று அவளுக்குத் தெரியும். அவள் அடித்துவிட்ட சொல் அது.

தோளைத் தொட்டாள். அவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்.

“வண்டி வந்துடுச்சா?” என்று வீடே அதிரக் கேட்டார். தம் குரல் தமக்குக் கேட்காதவர் பேசுகிற சத்தம் அது.

காது மருத்துவர் உள்ளே குழாயைவிட்டுப் பார்த்தார். உறிஞ்சி எடுத்தார். தட்டில் விழுந்ததைப் பார்த்து அவரே உதட்டைக் கடித்துக்கொண்டார். கத்தரித்துப் போட்ட மயிர்த்துணுக்கு போல அதில் பூச்சியின் கால்கள் கிடந்தன.

“நல்லா இருந்த காதுலயா போட்டீங்க?” என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார்.

“செத்த காதுல எந்த மருந்து பிடிக்கும் டாக்டர்? உயிர் இருக்கற காதுலதானே வேலை செய்யும்?” மாமா விளக்கினார். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

“யார் சொன்னா இந்த வைத்தியத்தை?”

அதைத் தாளில் படித்ததும் மாமாவின் முகம் மலர்ந்தது. “பேப்பர்ல வந்தது சார். காதைத் திறந்த மருந்துன்னு அச்சிலயே இருக்கு. வேற யாரோ எழுதியிருந்தா நம்புவேனா? நம்ம மருமக எழுதினது. இதோ நிக்கறாளே, இவதான்.”

கதவு திறந்திருந்தது. வெளியில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மருத்துவரும் பார்த்தார். மூக்கிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன்னை நினைத்தே ஒரு குமட்டல் வந்தது. அதைத் துப்ப இடம் இல்லை.

“சவ்வுல பெரிய ஓட்டை. புண் ஆறட்டும். மிச்சம் என்ன இருக்குன்னு அப்புறம்தான் சொல்ல முடியும்,” என்றார் மருத்துவர் அவளிடம். “தினமும் காலைல, ராத்திரி பஞ்சால துடைச்சுட்டு மருந்து விடணும். சுத்தமா எடுக்கணும். முகத்தைச் சுளிச்சுட்டு மேலோட்டமா துடைச்சா உள்ள தேங்கிடும். வீட்ல செய்யறதுக்கு ஆள் இருக்கா?”

“இருக்கு,” என்றாள்.

முதல் நாள் அவள் அவரை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்தாள். பஞ்சைத் திரித்துக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டாள். வெளியே வந்தது இழுபட்டுக்கொண்டே வந்தது, அறுபடாமல். அதன் வாடை மூக்கில் ஏறி நாக்கில் இறங்கியது. எச்சிலை விழுங்க முடியவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பிக்கொண்டதன் விலை எதிரில் உட்கார்ந்திருந்தது.

“விடும்மா, நானே பாத்துக்கறேன். உனக்கு இதெல்லாம் ஒத்துக்காது,” என்றார் மாமா. சத்தமாகச் சொல்லக்கூடாது என்று நினைத்துச் சொன்னதுதான் தெரு வரைக்கும் கேட்டது.

அவள் தாளில் எழுதினாள். ‘காது கேட்கலைன்னு ஏன் மாமா சொல்லலை?’

அவர் அதைப் படித்துவிட்டுத் தாளை மடித்தார். “வாளியைக் கொண்டுபோறது ஒண்ணுதான் இந்த வீட்ல எனக்கு வேலை. அதையும் விட்டுட்டா? நீ ஒருநாள்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லைம்மா. ஆனா உன் மூக்கு சுருங்கறது காதுல விழலைன்னாலும் கண்ணுல விழுதே.”

அவள் குச்சியில் புதுப் பஞ்சைச் சுற்றினாள்.

ஞாயிறு பக்கத்தின் பொறுப்பாசிரியரைத் தொலைபேசியில் பிடித்து, விட்டுப்போன வரியைப் போடச் சொன்னாள். அவர் சிரித்தார். “அந்தக் கடைசி வரியை எத்தனை பேர் பாராட்டினாங்க தெரியுமா மேடம்? இந்தப் பொடி எங்க கிடைக்கும்னுகூட ரெண்டு பேர் கேட்டாங்க. அதுல போய்ச் சீழ் கீழ்னு போடணுமா? ஜனங்க காப்பி குடிச்சுக்கிட்டே படிப்பாங்க.”

“குமட்டட்டும் சார். நல்லாக் குமட்டட்டும். போடலைன்னா இனிமே என்கிட்ட எழுத்துக் கேக்காதீங்க.”

போட்டார்கள், பல்பசை விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு எழுத்தில். ஊரில் ஒருத்தர் கண்ணிலும் அது பட்டதாகத் தெரியவில்லை. மாமா மட்டும் பூதக்கண்ணாடியை வைத்துத் தேடிப் பிடித்தார். படித்தார். வெட்டியெடுத்து, அந்தக் கட்டுரைக்கு அடியில் நேராக ஒட்டினார்.

புண் ஆறியது. வாடை போயிற்று. காது திரும்பவில்லை. கருவி வைத்தாலும் பெரிதாகப் பயன் இருக்காது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். செய்தி கேட்ட புருஷன் ஊரிலிருந்து ஓடிவந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் வேலைக்குத் திரும்பிப் போனான். கேட்டிருந்தால் தேவலை. மூக்கி என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டான்.

இப்போதெல்லாம் வாளியை அவள்தான் கீழே கொண்டுபோகிறாள். பாட்டுக் கேட்டதும் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்துவிட்டு வருவாள். ஒவ்வொரு தடவையும் குமட்டும். அது மாறும் என்று அவள் நினைத்ததும் இல்லை, மாறவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி கிடையாது. மூக்கி எழுந்து அடுக்களைக்குப் போனபோது வாளியைக் காணோம். மாமாவின் செருப்பையும் காணோம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வெறிச்சோடிக் கிடந்த தெருவில், வாசல் ஓரமாக, வாளியை முன்னால் வைத்துக்கொண்டு அவர் நின்றுகொண்டிருந்தார். தெருமுனையைப் பார்த்தபடி. கால் விரல் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அவள் இறங்கிப் போனாள். அவளைக் கண்டதும் அவர் முகம் முழுக்கச் சிரித்தார்.

“இன்னிக்குக் கோட்டை விடலை பாத்தியா? வந்துக்கிட்டே இருக்கான். பாட்டுத் தெளிவாக் கேக்குது.” பிறகு தெருமுனையை மறுபடி பார்த்தார். அங்கே ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அவருடைய சிரிப்புக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. “ராத்திரியெல்லாம்கூடக் கேட்டுதும்மா. நிக்கவே மாட்டேங்குது. வேற ஒண்ணும் கேக்கலை. இது மட்டும்தான்.”

வாளியிலிருந்து புளித்த நாற்றம் மேலே வந்தது. மூக்கு தன் வேலையைத் தொடங்கப் பார்த்தது. அவர் கண்ணில் படுவதற்குள் அவள் குனிந்து வாளியின் மூடியைச் சரிசெய்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது அவர் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “உனக்குக் கேக்குதாம்மா?”

“கேக்குது மாமா,” என்றாள், வாயை நன்றாகத் திறந்து, அவருக்குப் புரியும்படி. இந்தத் தடவை அது பொய் இல்லை. ‘கொண்டு வாங்க, கொண்டு வாங்க’ என்று அவள் மண்டைக்குள்ளும் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவர் நிம்மதியாகத் தலையை ஆட்டினார். அவள் வாளிக்கு மறுபக்கம் போய் நின்றுகொண்டாள். வராத வண்டிக்காக இருவரும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.